காற்றுக்கும் காசா? மக்களே நடத்தும் குடிநீர்த் திட்டத்தில் மீட்டர் வைப்பது பற்றி

மேட்டுப் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புகார் வரும். பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு வெளியூர் போயிருப்பார். இரண்டு வீட்டுக்கும் மாதக் கட்டணம் ஒன்றுதான். இதைக் குழுக் கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் பேச்சு பழைய குடும்பப் பகை வரைக்கும் போய்விடும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு ஊகம் மட்டும் இருக்கிறது. ஊகத்தை வைத்துச் சண்டை போடலாம், கணக்குப் போட முடியாது.

அப்போதுதான் யாராவது எழுந்து, "பேசாமல் மீட்டர் வைத்துவிடலாமே" என்பார். இந்தக் கட்டுரை அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு.

ஒரு கிணறோ ஊற்றோ, ஒரு தொட்டி, அதிலிருந்து சில நூறு வீடுகளுக்குக் குழாய், பார்த்துக்கொள்ள உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த ஒரு குழு. இப்படிப்பட்ட திட்டங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. கோஸ்டாரிக்காவில் ஆசாதா என்ற பெயரில் சங்கங்கள், அயர்லாந்தின் கிராமப்புறங்களில் குழுக் குடிநீர்த் திட்டங்கள், டென்மார்க்கில் நுகர்வோரே உரிமையாளர்களாக இருக்கும் நீர் நிலையங்கள். அரசோ பெரிய நிறுவனமோ மீட்டர் வைப்பதற்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் மீட்டர் வைத்துக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தொழில்நுட்பம் ஒன்றுதான். சிக்கல்கள் வேறு.

முதல் மீட்டர் வீட்டு வாசலில் வேண்டாம்

மீட்டர் என்றதும் எல்லோருக்கும் வீட்டு இணைப்புதான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால் முதல் மீட்டர் தொட்டியிலிருந்து குழாய் வெளியே வரும் இடத்தில் இருக்க வேண்டும். அது ஒன்றே ஒன்று. யாருடைய கட்டணத்தையும் தொடாது, அதனால் யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால் அது சொல்லும் விஷயம் பெரிது.

ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு அந்த மீட்டரைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 4 மணிக்கு மறுபடி பாருங்கள். இடையில் 3,000 லிட்டர் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 1,500 லிட்டர். எல்லோரும் தூங்கும் நேரத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கே போகிறது? கொஞ்சம் மாடித் தொட்டிகளில் நிரம்பிக்கொண்டிருக்கலாம். மீதி மண்ணுக்குள் போகிறது. இதை 24ஆல் பெருக்கினால் நாளுக்கு 36,000 லிட்டர் வருகிறதே என்று பதற வேண்டாம், உண்மைக் கசிவு அதைவிடக் குறைவாக இருக்கும். ராத்திரியில் யாரும் எடுக்காததால் குழாயில் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் ஓட்டை வழியாகப் போவதும் கூடும். பகலில் இரண்டும் குறையும்.

அடுத்து ஒவ்வொரு தெருவுக்கான வால்வையும் வரிசையாக மூடிக்கொண்டே வாருங்கள், ஒருவர் தொட்டியடியில் மீட்டர் முன்னால் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். எந்த வால்வை மூடியதும் ஓட்டம் சட்டென்று குறைகிறதோ அந்தத் தெருவில் தேடுங்கள். சில திட்டங்களுக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்தது, தொட்டியிலிருந்து விட்ட தண்ணீர் வந்துசேரவில்லை என்பதாக முடியும்.

வீடுகளுக்கும் மீட்டர் வந்த பிறகு இந்தத் தொட்டி மீட்டருக்கு இன்னொரு வேலை கிடைக்கிறது. அது மாதத்துக்கு 3,000 கன மீட்டர் காட்டுகிறது, எல்லா வீட்டு மீட்டர்களையும் கூட்டினால் 2,200தான் வருகிறது என்றால் 800 கன மீட்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். கசிவு ஒரு காரணம். மீட்டர் இல்லாத பள்ளிக்கூடமும் பொதுக் குழாயும் இருக்கலாம். சில மீட்டர்கள் மெதுவாக ஓடலாம். திருட்டு இணைப்பும் இருக்கலாம். ஆனால் திருட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால், எல்லா ரீடிங்கையும் ஒரே நாளில் எடுத்தீர்களா என்று பாருங்கள். தொட்டியடியில் 1ஆம் தேதியும் கடைசித் தெருவில் 9ஆம் தேதியும் எடுத்தால் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

மீட்டரைப் படிப்பது

வீட்டு மீட்டரின் முகப்பில் பெரும்பாலும் கறுப்பில் சில இலக்கங்களும் சிவப்பில் சில இலக்கங்களும் இருக்கும். கறுப்பு கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர், பேச்சில் ஒரு யூனிட். சிவப்பு அதற்குக் கீழே உள்ள லிட்டர் கணக்கு. கட்டணத்துக்குக் கறுப்பு மட்டும் போதும். மீட்டர் மாதாமாதம் பூஜ்யத்துக்குத் திரும்பாது, ஏறிக்கொண்டே போகும். அதனால் இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழிக்க வேண்டும்.

போன மாதம் 00347. இந்த மாதம் 00361. வித்தியாசம் 14, அதாவது 14,000 லிட்டர். வீட்டில் ஐந்து பேர், 30 நாள் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 93 லிட்டர். அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் அளவோடு ஒப்பிட்டால், இந்த வீட்டில் யாரும் வீணடிக்கவில்லை. இப்படி ஆளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கும் பழக்கம் குழுவுக்கு வந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். "அந்த வீட்டில் 30 யூனிட்டாம்" என்ற பேச்சு, "அங்கே பதினொரு பேர் இருக்கிறார்கள்" என்பதோடு நின்றுவிடும்.

முகப்பில் இன்னொரு சின்னப் பொருள் இருக்கும். நட்சத்திரம் மாதிரியோ முக்கோணம் மாதிரியோ ஒரு குட்டிச் சக்கரம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, எனக்கோ மீட்டரில் பிடித்த பாகமே அதுதான். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அதை ஒரு நிமிடம் பாருங்கள். நின்றிருந்தால் நல்லது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, பெரும்பாலும் கழிப்பறை ஃபிளஷ் தொட்டியாக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஒழுகினால் நாளைக்கு 1,440 லிட்டர், மாதத்துக்கு 43 கன மீட்டர். மேலே சொன்ன ஐந்து பேர் குடும்பம் பயன்படுத்துவதைப்போல் மூன்று மடங்கு. முதல் மாதம் தலைசுற்றும்படி கட்டணம் வந்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் குழுவிடம் போவது நல்லது.

எந்த மீட்டர்?

வீட்டு இணைப்புக்கு இயந்திர மீட்டரில் இரண்டு வகைகளைச் சொல்வார்கள். ஒன்றில் ஓடும் தண்ணீர் ஒரு சிறு விசிறிச் சக்கரத்தைச் சுற்றும், சுற்றை எண்ணி அளவைச் சொல்லும். இன்னொன்றில் ஒரு பிஸ்டன் ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட அளவு தண்ணீரை நிரப்பி வெளியே தள்ளும். பிஸ்டன் வகை மெல்லிய ஓட்டத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மணல் வந்தால் இறுகி நின்றுவிடும். ஆழ்துளைக் கிணற்றில் கொஞ்சமாவது மணல் வருகிறது என்றால் சக்கர வகைதான் பிழைக்கும். ஒலியலையை வைத்து அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர்களும் வந்துவிட்டன, அவற்றில் சுற்றும் பாகமே இல்லை. ஆனால் விலை கூடுதல், பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் மீட்டரையே மாற்ற வேண்டும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. 4064 தரக்குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் ஆர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்றும். அந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெல்லிய ஓட்டத்தையும் மீட்டர் சரியாக அளக்கும். மணிக்கு 2.5 கன மீட்டர் வரை தாங்கும் சாதாரண வீட்டு மீட்டரில் ஆர் 80 என்றால் மணிக்குச் சுமார் 31 லிட்டருக்குக் கீழே அதன் பேச்சை நம்ப முடியாது. ஆர் 160 என்றால் அந்த எல்லை சுமார் 16 லிட்டர்.

இது ஏன் முக்கியம்? மாடித் தொட்டி வைத்த வீடுகளில் மிதவை வால்வு சட்டென்று மூடாது. தொட்டி நிரம்ப நிரம்ப ஓட்டம் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் நூல் மாதிரி வரும். அந்த நூல் ஓட்டத்தைச் சாதாரண மீட்டர் எண்ணாமல் விட்டுவிடும். இரண்டு வீட்டில் ஒரே அளவு தண்ணீர் எடுத்தாலும், தொட்டி வைத்த வீட்டில் மீட்டர் குறைவாகக் காட்டக் கூடும். தொட்டி இல்லாத, நேரடியாகக் குழாயில் பிடிக்கும் வீடு முழுக் கணக்கையும் கட்டும். வசதி குறைந்தவர்தான் பெரும்பாலும் தொட்டி இல்லாதவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பொருத்துவதில் செய்யும் தவறுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். மீட்டர் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையில் அது இருக்க வேண்டும். மீட்டர் மட்டமாக, முகப்பு வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். சுவரோடு ஒட்ட வேண்டும் என்று பக்கவாட்டில் திருப்பிவைத்தால் சக்கர வகை மீட்டரில் மெல்லிய ஓட்டத்துக்கான துல்லியம் குறையும். குழாயின் மேடான இடத்தில் வைத்தால் அங்கே காற்று தங்கும். முன்னால் ஒரு வால்வு, பின்னால் ஒரு வால்வு இருந்தால் கழற்றி மாற்றும்போது தெருவையே நிறுத்த வேண்டியிருக்காது.

இன்னொன்று. புதுக் குழாயை அறுத்த இடத்தில் பி.வி.சி. துருவலும் மண்ணும் உள்ளே இருக்கும். மீட்டரை மாட்டுவதற்கு முன்னால் தண்ணீரைத் திறந்துவிட்டு அதையெல்லாம் வெளியே அடித்துவிட வேண்டும். இந்த இரண்டு நிமிட வேலையை விட்டுவிட்டு, மாட்டிய அன்றே நின்றுபோன மீட்டரைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. மீட்டர் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றினால் வெள்ளை வெள்ளையாகச் சுருள் துருவல்.

காற்று

24 மணி நேரமும் தண்ணீர் வரும் திட்டத்தில் மீட்டர் ஒழுங்காக வேலை செய்யும். நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் திறந்துவிடும் திட்டத்தில்தான் தலைவலி. தண்ணீரை நிறுத்தியதும் குழாய்கள் வடிந்து காலியாகி உள்ளே காற்று நிரம்புகிறது. மறுநாள் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். காற்று பீய்ச்சியடித்துக்கொண்டு வீட்டுக் குழாய்கள் வழியாக வெளியேறும்போது மீட்டர் சக்கரம் தண்ணீருக்குச் சுற்றுவதைவிட வேகமாகச் சுற்றும். கடைசித் தெருக்காரர் குழாயில் "உஸ்" என்ற சத்தத்தையும் சுற்றும் முள்ளையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, "காற்றுக்கும் காசா?" என்று கேட்டால் அவர் கேட்பது நியாயம். அவரைச் சமாதானப்படுத்துவது குழுவின் வேலையல்ல. காற்றை வேறு வழியில் வெளியேற்றுவதுதான் வேலை.

பிரதான குழாயின் மேடான இடங்களிலும் முனைகளிலும் காற்று வால்வு வைக்கலாம். பிரதான வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் மெதுவாகத் திறந்தால் காற்று நிதானமாக வெளியேறும், மீட்டரும் அடிபடாது. ஆனால் சரியான மருந்து, குழாய் எப்போதும் நிறைந்திருப்பது. கசிவை அடைத்துத் தண்ணீரை மிச்சப்படுத்திய பிறகு விநியோக நேரத்தைக் கூட்ட முடியும். அதனால்தான் தொட்டி மீட்டரை முதலில் சொன்னேன்.

கட்டணம் எப்படி?

மீட்டர் வந்தால் வருமானம் கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். உடனே கூடாது, குறையவும் செய்யலாம். மாதச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் இயக்குபவர் சம்பளம், பழுது, தொட்டி சுத்தம், பிற்கால மாற்றங்களுக்கான சேமிப்பு எல்லாம் சேர்ந்து 60. மின்சாரம் 40. முழுத் தொகையையும் லிட்டர் கணக்கில் வசூலித்து, மீட்டருக்குப் பயந்து எல்லோரும் கால் பங்கு குறைத்துக்கொண்டால், வரவு 75 ஆகிவிடும். செலவோ 60 கூட்டல் 30, அதாவது 90. சிக்கனமாக இருந்ததற்குக் குழுவுக்குக் கிடைத்த பரிசு 15 பங்கு பற்றாக்குறை. அதனால் அசையாத செலவுக்கு நிலைக்கட்டணம், எடுக்கும் அளவோடு கூடிக்குறையும் செலவுக்கு அளவுக் கட்டணம் என்று இரண்டாகப் பிரிப்பதுதான் பாதுகாப்பு.

மலை ஊற்றிலிருந்து தானாக இறங்கிவரும் தண்ணீருக்கு மின்சாரச் செலவே கிடையாது. அங்கே மீட்டர் செலவை ஈட்டுவதற்கல்ல, பங்கீட்டுக்கு. அந்த வித்தியாசத்தைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

அதிகம் எடுப்பவருக்கு அதிக விலை என்ற படிக்கட்டுக் கட்டணம் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். அதில் ஒரு பொறி உண்டு. மீட்டர் இணைப்பைத்தான் எண்ணுகிறது, ஆளை எண்ணுவதில்லை. ஒரே இணைப்பில் மூன்று குடும்பங்கள் குடியிருந்தால் அவர்கள் மேல் படிக்குப் போய்விடுவார்கள். தனி பங்களாவில் இருவர் மட்டும் வாழ்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலும் கீழ்ப் படியிலேயே இருப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், இலவச அளவு தீர்ந்ததும் முன்கூட்டிப் பணம் கட்டினால்தான் தண்ணீர் விடும் முன்பண மீட்டர்கள் பற்றிய வழக்கு 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற அளவு ஓர் இணைப்புக்கா, ஆளுக்கா என்பதும் அங்கே முக்கியமான வாதம். எட்டுப் பேர் இருந்தால் அது ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர். இருபது பேர் இருந்தால் 10 லிட்டர். நீதிமன்றம் அந்தக் கொள்கை சட்டப்படி செல்லும் என்றது. உங்கள் குழு அதைவிட நன்றாகச் செய்யலாம். சில நூறு வீடுகள்தானே, எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

யாருடைய மீட்டர்

பொலிவியாவின் கொச்சபாம்பாவில் 2000ஆம் ஆண்டு தண்ணீருக்காக நடந்த பெரும் போராட்டத்தில், தாங்களே வெட்டிய கிணறுகளும் தாங்களே நடத்திய குடிநீர் அமைப்புகளும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போய்விடும் என்ற பயமும் ஒரு காரணம். அயர்லாந்தில் வீடுகளுக்கு மீட்டர் மாட்டி 2014இல் தண்ணீர்க் கட்டணம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள், 2016இல் அந்தக் கட்டணம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே நாட்டில்தான் உறுப்பினர்களே நடத்தும் குழுக் குடிநீர்த் திட்டங்கள் பலவும் மீட்டரைக் கசிவு தேடும் கருவியாகப் பயன்படுத்திவருகின்றன. கருவி ஒன்று, அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு.

பொதுச் சொத்தை மக்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நீண்ட நாள் நிலைத்த அமைப்புகளில் பொதுவாகக் கண்ட அம்சங்களில் கண்காணிப்பும் ஒன்று. கண்காணிப்பவர் பயன்படுத்துபவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக, அல்லது அவர்களில் ஒருவராக இருப்பார். தவறுக்குத் தண்டனை சின்னதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடும். ஒரு மாதம் கட்டவில்லை என்றதும் இணைப்பைத் துண்டிக்கும் குழு அடுத்த தேர்தலைப் பார்க்காது.

நடைமுறையில் சொல்வதென்றால், முதல் வீட்டு மீட்டர் தலைவர் வீட்டில் மாட்டப்பட வேண்டும், அடுத்தது பொருளாளர் வீட்டில். கொஞ்சம் வீடுகளுக்கு மட்டும் மாட்டிவிட்டுப் பணம் வந்ததும் மற்றவர்களுக்கு என்று நிறுத்தினால் மீட்டர் உள்ளவர் மட்டும் சிக்கனம் பிடிப்பார், மற்றவர் பழையபடி. எல்லோருக்கும் மாட்டி முடித்த பிறகு நான்கைந்து மாதம் ரீடிங் மட்டும் எடுத்து, "மீட்டர்படி வந்திருந்தால் இவ்வளவு" என்று ஒரு மாதிரிச் சீட்டு கொடுங்கள். வசூல் பழைய கட்டணமாகவே இருக்கட்டும். அந்த மாதங்களில் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்துகொள்வார்கள், தவறான ரீடிங்குகள் வெளியே வரும், எந்தக் கட்டணம் யாரைக் கடிக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ரீடிங்கை வீட்டுக்காரர் முன்னால் எடுத்து, அவர் அட்டையிலும் எழுதிக் கொடுப்பது பழைய முறை. செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எல்லாத் திட்டத்துக்கும் வீட்டு மீட்டர் தேவை என்று நான் நினைக்கவில்லை. முப்பது நாற்பது வீடுகள், வற்றாத ஊற்று, மின்சாரச் செலவு இல்லை என்றால் மீட்டரின் விலையும் அதைப் படிக்கும் உழைப்பும் மிச்சமாகும் தண்ணீரைவிட அதிகமாக இருக்கலாம். ஒவ்வொரு இணைப்பிலும் சிறு துளையுள்ள தட்டு ஒன்றைப் பொருத்தி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தினால் அங்கே போதும். பள்ளத்தில் இருப்பவர் எவ்வளவு திறந்தாலும் அவருக்கு வரக்கூடியது அவ்வளவுதான், மேட்டுக்கும் ஏறும்.

மாட்டிய பிறகு மறந்துவிடும் ஒரு விஷயம், மீட்டர் வயதாகும். தேய்ந்த சக்கர மீட்டர் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும், அதனால் வீட்டுக்காரர் புகார் சொல்ல மாட்டார். தொட்டி மீட்டருக்கும் வீடுகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள இடைவெளி வருடா வருடம் மெல்ல விரிந்தால், குழாய் ஓட்டையைத் தேடுவதோடு பழைய மீட்டர்களையும் சந்தேகிக்க வேண்டும். சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. எடை போட்டு அளவு உறுதிசெய்த 20 லிட்டர் வாளியில் ஐந்து முறை பிடியுங்கள். சிவப்பு இலக்கங்களில் 98க்கும் 102க்கும் நடுவில் வந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது. குழாயை முழுதாகத் திறந்து ஒரு முறை, மெல்லியதாகத் திறந்து ஒரு முறை செய்யுங்கள். மெல்லிய ஓட்டத்தில் 85 என்று காட்டினால் அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நிலைக்கட்டணத்தில் மீட்டர் மாற்றத்துக்கென்று ஒரு சிறு பகுதியை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கியிருந்தால், அன்றைக்குக் கூட்டம் போட்டு நிதி திரட்ட வேண்டியிருக்காது. கையிருப்பில் நாலைந்து மீட்டர்கள் இருக்கட்டும், அவற்றோடு ரப்பர் வாஷர்களும்.